நான்காம் பாதையின் ஆணி

அன்புள்ள குட்டிக்கு,

இதைச் சொல்வது உனக்காகவா, என் மனப்பாரத்தை இறக்கிவைக்கவா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் தெரியவில்லை. தெரியாமலேயே எழுதுகிறேன்.

நீ ஓடிய விளையாட்டரங்கம் பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்ததல்லவா, அதைக் குடியிருப்பாக மாற்றுகிறார்கள். பொறியாளர் நான்தான். கிழக்கு கேலரியில் மட்டும் எண்பத்து நான்கு வீடுகள். வரைபடத்தைக் காட்டியபோது அம்மா, "இத்தனை படியை வச்சுக்கிட்டு லிஃப்ட் போடுவீங்களா, இல்ல விசில் ஊதி ஏறச் சொல்வீங்களா?" என்றாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஓடுபாதை வளைவில் வண்டி நிறுத்துமிடம் வருகிறது. நாளை உடைக்கிறார்கள். பழைய அளவுகளைப் பதிவு செய்ய இன்று டேப் பிடித்தேன். நானூறு மீட்டர் ஓட்டம் தொடங்கும் இடத்தில், பாதைக்கு ஒன்றாக அடித்த பித்தளை ஆணிகள் அப்படியே இருக்கின்றன. வெளிப்பாதையில் ஓடுபவர் வளைவுக்கு ஏற்ப முன்னால் நிற்க வேண்டும். மற்ற ஐந்தும் சரி. உன்னுடைய நான்காம் பாதையில் மட்டும் ஆணி ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. மூன்று முறை அளந்தேன். மேஸ்திரி, "ஆணி எங்கயும் ஓடிடாது மேடம்" என்றார்.

அந்த ஆணிகளுக்கு இடம் குறித்தது நான். என் கல்லூரிக் கடைசி வருடம், உன் பயிற்சியாளர் கேட்டாரென்று, அணித் தேர்வுப் போட்டிக்கு முந்தின நாள் அளந்து கொடுத்தேன். டேப்பின் முனை கிழிந்திருந்ததால் ஒன்றாம் மீட்டரிலிருந்து பிடித்தேன். அப்படிப் பிடித்தால் ஒரு மீட்டர் கூட்டிக் குறிக்க வேண்டும். உன் பாதைக்குக் கூட்ட மறந்திருக்கிறேன்.

நீ அரையடியில் தோற்றாய். முதலில் வந்தவளைத் தேர்ந்தெடுத்தார்கள். "கடைசியில விட்டுட்ட, பயிற்சி பத்தல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவளும் நான்தான். அதன் பிறகு நீ ஓடவில்லை. என்னோடு பேசியதும் விசேஷ நாட்களில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஆணியைப் பிடுங்கி இதோடு அனுப்புகிறேன். அம்மா தரைத்தளத்தில் உனக்கென்று ஒரு வீடு கேட்டு வைத்திருக்கிறாள். வருவதும் வராததும் உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள். திட்டியாவது நாலு வரி எழுது.

உன் அக்கா

மறுநாள், தபால் நிலையத்தில்:

எட்டு மணிக்கு மேஸ்திரி ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார். ஒன்பதுக்கெல்லாம் வளைவு இல்லை. உலோகம் இருப்பதால் கடிதமாக வாங்க மாட்டார்களாம், பார்சலாகத்தான் போகிறது. படிவத்தைப் பார்த்துவிட்டு கவுண்டரில் இருந்த பெண், "ஒரு கட்டம் விட்டுட்டீங்களே மேடம். அவங்க வாங்கலன்னா திருப்பி அனுப்பணுமா, அங்கேயே அழிச்சுடலாமா?" என்று கேட்டாள். திருப்பி அனுப்பச் சொல்லிக் குறியிட்டேன். இதை எழுதியதும் ஒட்டிவிடுவேன்.