நகை வீட்டில் இருந்த வாரம்

ஜன. 9, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் சுள்ளுனு வெயில்.

பேங்க் லாக்கரைக் காலி பண்ணியாச்சு. 21ந் தேதி மக பிரின்ஸிக்குக் கல்யாணம். நடுவில் பொங்கல் லீவு வரிசையா வருது, அதனால் இப்பவே. ஆட்டோவில் இவர் மடியில் துணிப்பை, உள்ளே நகை, மேலாக முருங்கைக்காய். மார்க்கெட் போய் வர்ற மாதிரியாம். முருங்கைக்காயை அப்படிக் கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருக்கிற மனுஷனை சிட்லபாக்கம் இதுவரை பார்த்திருக்காது.

இவர் போட்ட சட்டம்:
- வீட்டில் எப்பவும் ஆள் இருக்கணும்.
- கல்யாணப் பொண்ணை நகையோட தனியா விடக் கூடாது.
- நகை வீட்டில் இருக்குன்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. போனில் கூடவே கூடாது.
- வாசலில் இவருடைய பெரிய ஷூ, மாப்பிள்ளைக்கு வாங்கின செருப்பு, ரெண்டும் கிடக்கணும். ஆம்பளைங்க இருக்காங்கன்னு தெரியணும்.

பின் தெருவில் நியூ இயர் ஆராதனைக்குக் குடும்பமே சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து கிரில்லை அறுத்துட்டான். நம்ம ஆளுங்க வீடெல்லாம் அன்னைக்குக் காலின்னு திருடனுக்கும் தெரிஞ்சிருக்கு. அதிலேருந்து இவருக்குத் தூக்கமே போச்சு.

பீரோவில் கவரிங் செட், திருடனை ஏமாத்த. அரிசி டிரம் வேண்டாம், அங்கேதான் முதலில் கை விடுவானாம். கடைசியில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி. வைக்கோலுக்கு அடியில் நகை, மேலே மேய்ப்பர்கள், ஆடு, மூணு ராஜா. "ராஜாக்கள் கொண்டு வந்த பொன் அடியில பத்திரமா இருக்கு"ன்னேன். இவர் சிரிக்கல.

உள்ளே அக்காவோட அட்டிகையும். போன மாசம் கழுத்திலிருந்து கழட்டிக் கொடுத்தா. "பிரின்ஸிக்கு என் பங்கு." பிரின்ஸி பிறந்தப்போ முதலில் கையில் வாங்கினதே அக்காதான், நர்ஸா இருந்தவ. கல்யாணமே பண்ணிக்கல. இப்ப அனகாபுத்தூரில் கட்டிலோட கட்டிலா. ஆஸ்பத்திரியில் இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்கன்னு சொல்லியாச்சு. டாக்டர் பிப்ரவரி தாண்டும்னார். இங்கே வந்துடுன்னா கேட்கல. "கல்யாண வீட்டுல சீக்காளி எதுக்குடி?"

நேத்து வரை தினமும் போய்க்கிட்டிருந்தேன். இன்னைக்குப் போகல.

ஜன. 10, சனி

இவர் திருநெல்வேலிக்கு ரயில் ஏறியாச்சு, பத்திரிகை வைக்க. வியாழன் காலை வருவார். பிரின்ஸி பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போயிட்டா. நானும் ஆட்டுக்குட்டிகளும் காவல்.

அக்கா போன். "எங்கடி ஆளைக் காணோம்? தேவி வாரினா தலை வலிக்குது. நீ வந்து எண்ணெய் வச்சு வாரி விடு."

தேவி, அக்காவைப் பார்த்துக்கிற பொண்ணு. போனை எப்பவும் ஸ்பீக்கரில்தான் போடுவா. அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். எப்படிச் சொல்றது? "நாளைக்கு வர்றேன்க்கா"ன்னேன்.

மதியம் காஸ்காரர் பெல் அடிச்சார். கதவைத் திறக்காம ஜன்னல் வழியா ஐ.டி. கார்டு காட்டச் சொன்னேன். "இன்னாம்மா, பத்து வருஷமா நான்தானே போடறேன்"னார். வெட்கமாப் போச்சு. அப்பவும் கார்டைப் பார்த்துட்டுத்தான் திறந்தேன்.

ஜன. 11, ஞாயிறு

சர்ச்சுக்கு பி. மட்டும் போனா. நான் யூடியூபில் ஆராதனை. பிரசங்கம் நடக்கும்போது குடில் பெட்டி ஞாபகம். போய்த் திறந்து பார்த்துட்டு வந்தேன்.

பி. வந்ததும் சட்டத்தை மீறி அவளை வீட்டில் விட்டுட்டுக் கிளம்பிடலாம்னு சேலைகூட மாத்திட்டேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. காபி, கேக், பேச்சு, இருட்டிடுச்சு.

அக்காவுக்கு மறுபடி "நாளைக்கு."

ஜன. 12, திங்கள்

பி. ஆபீஸ். பனி. பால் பொங்கி வழிஞ்சது.

காலனி வாட்ஸப் குரூப்பில் நாள் முழுக்கத் திருடன். பேப்பரை வாசலில் கிடக்க விடாதீங்க, டிவியை ஓட விடுங்க, தெரியாதவங்களுக்குத் தண்ணி கொடுக்காதீங்க. ஒருத்தர் ஜாக்கிரதைன்னு யாரோ பழைய பேப்பர்காரர் போட்டோவைப் போட்டுட்டார். பாவம் அந்த மனுஷன். படிச்சிட்டு நானும் பின் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். பைத்தியம் பிடிக்காத குறை.

மூணு மணிக்கு தேவி. "இன்னாக்கா நீ, நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிகினே கீற? அவங்க வாசலையே பாத்துகினு கீறாங்க. சோறு எறங்கல. பக்கத்துல தான கீது வூடு?"

பக்கத்தில்தான். பல்லாவரம் போய் ஒரு ஷேர் ஆட்டோ. அவ்வளவுதான்.

போனை வச்சிட்டு அழுதேன். இவருக்குப் போன் பண்ணிக் கத்தினேன். "இன்னும் ரெண்டே நாள் பொறுத்துக்கோ ஜெயா. நான் வந்துடறேன். எல்லாம் நம்ம பொண்ணுக்காகத்தானே." அதுவும் சரிதான். அதுதான் ஆத்திரமா வருது.

ஜன. 13, செவ்வாய்

போயிட்டு வந்துட்டேன்.

வீட்டில் விட முடியலன்னா கையோட கொண்டு போனா என்ன? பழைய வேட்டியைக் கிழிச்சு, நகையெல்லாம் வரிசையா வச்சு மடிச்சு, இடுப்பில் சுத்தி ஊக்கு ஊக்காக் குத்தினேன். மேலே பாவாடை, சேலை. கண்ணாடியில் பார்த்தா எட்டு மாசக் கர்ப்பிணி. இந்த வயசில்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்து அம்மா இடிக்கிறப்பெல்லாம் உயிர் போய் வந்தது. பிரேக் போட்டா அட்டிகை குத்துது.

அக்கா முகம் சின்னதாயிட்டு. அஞ்சே நாளில். என்னைப் பார்த்ததும் சிரிச்சா. "வந்து பக்கத்துல படுடி." எப்படிப் படுக்கிறது? குனியவே முடியல. கட்டில் ஓரத்தில் முறுக்கிக்கிட்டு உட்கார்ந்து எண்ணெய் வச்சேன். பாதி தலை வாரியிருப்பேன். கையை நீட்டி என் இடுப்பைக் கட்டிக்கிட்டா. சின்ன வயசிலேருந்து அப்படித்தான்.

"என்னடி இது, உள்ள கல்லு மாதிரி?"

தேவி அங்கேயே காபி டம்ளரோட நிக்கிறா. வாயில் வந்துது: "பெல்ட்டுக்கா. இடுப்பு வலி. டாக்டர் போடச் சொன்னார்."

அக்கா கையை எடுத்துட்டா. "அடிப்பாவி, இடுப்பு வலியோடயா ஆட்டோல குலுங்கிட்டு வந்த? எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ. போய்ப் படு. கல்யாணத்துல நீதானே ஓடணும்." தலைவாரினது போதும்னு சீப்பைப் பிடுங்கிட்டா. நர்ஸ் அதிகாரம். வெந்நீர் ஒத்தடம் கொடு, வெயிட் தூக்காதேன்னு வாசல் வரை குரல் வந்தது.

வெளிச்சம் போறதுக்குள்ள வீட்டுக்கு வரணும்னு எனக்கும் இருந்தது. அதனால் கிளம்பிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லல.

வந்து அவிழ்த்தா இடுப்பைச் சுத்தி ஊக்குத் தடம். எல்லாம் சரியா இருக்கு. குடிலுக்குள் வச்சாச்சு.

தேவிகிட்டே மறைச்சேன், சரி. அக்கா காதோட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

ஜன. 14, புதன், போகி

ஊரெல்லாம் புகை. கண் எரியுது. ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு.

சாயங்காலம் போன் பண்ணினேன். தேவிதான் எடுத்தா. "இப்பதான் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. தூங்கினு கீறாங்க. எழுப்பவா?" வேண்டாம்னேன்.

நாளைக்குக் காலையில் இவர் வந்துடுவார். அந்த நிமிஷமே கிளம்பறேன். ராத்திரி அங்கேயே தங்கல். எடுத்துக்க வேண்டியது: நல்லெண்ணெய், பெரிய பல் சீப்பு, எலுமிச்சை ஊறுகாய், என் தலையணை. அக்காகிட்டே முருங்கைக்காய்க் கதையிலேருந்து எல்லாத்தையும் சொல்லணும்.

ஜன. 15, வியாழன்

அக்கா போயிட்டா. விடியறப்போ.

தேவி போன் பண்ணினதும் நானும் பிரின்ஸியும் அப்படியே ஓடினோம். அடுத்த வீட்டில் பொங்கல் பானை வச்சிட்டிருந்தாங்க.

அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் இவர் போன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கார். "கதவு திறந்து கிடக்கு ஜெயா!" அதுதான் முதல் வார்த்தை. பூட்டவே இல்லை நான். தாழ்ப்பாள்கூட போடல. அப்புறம் தான் "அக்காவுக்கு என்ன?"

தலையை நான்தான் வாரினேன். முழுசா. அவசரம் இல்லாம. செவ்வாய்க்கிழமை விட்ட இடத்தில் சிக்கு இருந்தது. அதை மெதுவா எடுத்தேன்.

நகை எல்லாம் அப்படியே இருக்காம். ஒரு குண்டுமணி போகல. "கர்த்தர் காப்பாத்தினார்"ங்கிறார் இவர். நகையைக் காப்பாத்தினாராம். வாயில் என்னமோ வந்தது, அடக்கிக்கிட்டேன்.

ஜன. 16, வெள்ளி

அடக்கம்.

காலையில் இவர் தயங்கித் தயங்கி வந்தார். தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாச்சு, நம்ம பேரெல்லாம் போட்டிருக்கு, வீடு காலின்னு எல்லாருக்கும் தெரியும், யாராவது ஒருத்தர் இருந்தா நல்லது. ஆனா இவர் வரலன்னா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க...

"பூட்டிட்டு வாங்க"ன்னேன்.

பூட்டிட்டு வந்தார். அவ்வளவுதான் விஷயம். ஒரு பூட்டு. ஒன்பதாந் தேதியே இதைச் சொல்லியிருக்கலாம் நான். சொல்லல. இவர் மேல மட்டும் பழி போட்டா அது பொய். எனக்கும் பயம்தான்.

கல்யாணம் தள்ள வேண்டாம்னு பெரியவங்க சொன்னாங்க. அக்காவே அப்படித்தான் சொல்லியிருப்பா.

கல்லறையிலிருந்து வந்து எல்லாரும் காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கோம். நான் தரையில். பாஸ்டர் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா கீழ உட்கார்ந்திருக்கீங்க? உங்க இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

எனக்குப் புரியல.

"போகி அன்னைக்கு வந்தேன்ல. என்ன ஜெப விண்ணப்பம்மான்னு கேட்டேன். உங்க அக்கா தனக்குன்னு ஒண்ணுமே கேட்கல. என் தங்கச்சிக்கு இடுப்பு வலி பாஸ்டர், பெல்ட் போட்டுக்கிட்டு நடக்கவே கஷ்டப்படறா, அதுக்கு ஜெபிங்கன்னாங்க. அப்புறம் அவங்களே கண்ணை மூடி ரொம்ப நேரம் ஜெபிச்சாங்க. நான் ஆமென் சொன்னதோட சரி."

இவர் என்னைப் பார்க்கிறார். கையில் சாவிக்கொத்து. தேவியும் பார்க்கிறா.

"சரியாயிட்டு பாஸ்டர்"ன்னேன். "வலியே இல்ல."

"ஸ்தோத்திரம்"னார் அவர். சுத்தி இருந்தவங்களும் சொன்னாங்க.