பாலத்தில் சறுக்கிய பஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். நாங்கள் சௌக்கியம் என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலை அப்பா ஓட்டிய பஸ் ஆற்றுப் பாலத்தில் சறுக்கிவிட்டது. முந்தின நாள் மழை அப்படியே உறைந்து கிடந்திருக்கிறது, பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் இருந்ததாம். வண்டி பக்கவாட்டில் போய்ப் பாலத்தின் தடுப்புக் கம்பியை உடைத்து, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. கண்டக்டர், அதான் நம் வீட்டுக்கு வந்தால் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணுவாரே அவர்தான், "முன்னாடி இருக்கறவங்க மெதுவா பின்னாடி வாங்க, யாரும் குதிக்காதீங்க"ன்னு சொல்லிச் சொல்லி எல்லோரையும் பின்கதவு வழியாக இறக்கினாராம். கடைசி ஆள் இறங்கும்வரை அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லையாம். எல்லாம் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் அப்பா வீட்டுக்கு வந்து, "வண்டி கொஞ்சம் மக்கர்"னு சொன்னதோடு சரி.

அன்றிலிருந்து ரேடியோவை விட்டு நான் நகரவில்லை. வியாழக்கிழமையிலிருந்து மழை விழுந்தவுடனே உறையும், குளிர் இன்னும் இறங்கும் என்றார்கள். அந்த வியாழனே அவருக்கு மறுபடி அதே பாலம். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நான் போகலன்னா இன்னொருத்தன் போவான், அவன் வீட்லயும் ஒருத்தி இப்படித்தான் உக்காந்திருப்பா"ன்னு சட்டையை மாட்டிக்கொண்டு இன்று காலை கிளம்பிவிட்டார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டிப்போவுக்குப் போய், "ஐஸ் உருக உப்பு தூவாம அந்தப் பாலத்துல நானும் ஏறமாட்டேன், யாரையும் ஏறவும் விடமாட்டேன்"னு கேட்டுக்குக் குறுக்கே நின்றாராம். மேனேஜர் கத்தியிருக்கிறார். மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து இவர் பக்கத்தில் நிற்க, அந்த ரூட்டையே நிறுத்திவிட்டார்கள். இப்போது தூங்குகிறார், தூக்கத்திலும் வலது கால் எதையோ மிதிக்கிறது.

அதே குளிர் சனிக்கிழமை உங்கள் பக்கம் நகருகிறதாம், பாப்பா. நீ விடியலில் காரில் வேலைக்குப் போவதுதான் எனக்குக் கவலை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு நர்ஸ் இதைப் படமெடுத்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன் என்றாள். லீவு போடு, திட்டினால் திட்டட்டும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். காரை மட்டும் எடுக்காதே. படுக்கப் போகுமுன் அப்பா சொன்னார், "அப்பா பயந்துட்டாருன்னே எழுது, அப்பதான் கேப்பா."

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா