இன்னா என்றதும் எட்டிப் பார்த்தவர்

அன்பு மச்சான் அண்ணாமலைக்கு,

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பாயே, அதுபோல அங்கேயும் ஒன்று பிடித்து வைத்திருப்பாய் என்று தெரியும். அவசரமில்லை. மெதுவாகவே வருகிறேன்.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். ஆனால் நான் வம்பளக்காமல் நேராக விஷயத்துக்கு வந்ததாகச் சரித்திரம் உண்டா?

நாம் ருஷ்யாவுக்குப் படிக்கக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. சாலை நெடுக, வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. நின்றபோது நாம் நிமிர்ந்துகூடப் பார்க்காத மரங்கள், படுத்தபின் நம்மைவிட உயரமாக இருந்தன. உன் டிரங்குப் பெட்டியின் ஒரு கைப்பிடி உன் கையில், இன்னொன்று என் கையில். என் துணிமணியும் அதற்குள்தான். வெளிநாடு போகிறவனுக்குப் பெட்டி என்று ஒன்று வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

தலைப்பாகை கட்டிய ஒருவர் மறித்தார்.

"எங்க பெட்டிய தூக்கிக்கினு?"

"ருஷ்யாவுக்குங்க," என்றாய்.

"நடந்தேவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "மெட்ராஸ் வரிக்கும் நடந்துட்டா அங்க பிளேன் இருக்குங்க. படிக்கப் போறோம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நாங்களும் படிப்புக்குத்தான் இங்க உக்காந்துக்கினு இருக்கோம். டேய், அந்தப் பெட்டிய தாண்டி வுடுங்கடா."

நாலு பேர் கை மாற்றி, ஒவ்வொரு மரத்துக்கும் மேலாக அதைத் தாண்டவிட்டார்கள். அன்று அந்தப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதை எனக்கு இன்றுவரை எங்கும் கிடைத்ததில்லை.

அங்கே போய் விடுதியில் சேர்ந்தோம். ரொட்டி கறுப்பு, சூப்பு சிவப்பு, எல்லாம் பழகியது. தரைக்கடியில் ஓடும் ரயிலுக்கு இறங்க நகரும் படி உண்டு. கல்வராயன் மலையே கீழ்நோக்கி ஓடுவது போலிருக்கும். அதில் நான் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கால் வைத்தேன். அதுவும் பழகியது. பழகாதது ஒன்றுதான். விடுதி வாசலில் மேசை போட்டு அறைச் சாவிகளைக் காத்த வயதான அம்மாள், நம்மைக் கண்டாலே முறைத்தார்.

காரணத்தை நமக்கு மூத்த மாணவர், மதுரைக்காரர், போட்டு உடைத்தார். "ஏன்டா, அந்தம்மா உங்களுக்கு என்னடா பண்ணுச்சு? வாயத் தொறந்தா அது பேரத்தான் இழுக்குறீங்க."

அந்த அம்மாளின் பெயர் இன்னா. அந்த நாட்டில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. அவர்களுடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாமோ படியேறும்போதும் இறங்கும்போதும் "இன்னாடா", "இன்னா சூப்பு இது", "இன்னா குளிரு" என்று நாளெல்லாம் அவர் பெயரை மொட்டையாக ஏலம் விட்டுக்கொண்டிருந்தோம்.

நான் அன்றே திருந்தி, மேடைப் பேச்சாளன் மாதிரி "என்ன நண்பா, என்ன செய்தி?" என்றேன். "இன்னாடா மச்சான் ஆச்சு உனக்கு?" என்று நீ பதறினாய். அம்மாள் மறுபடி முறைத்தார்.

கடைசியில் நீதான், இருபது ருஷ்யச் சொல்லையும் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினாய்: எங்கள் ஊரில் இன்னா என்றால் கேள்வி. வெகுநேரம் யோசித்துவிட்டு அவர் ஏதோ சொன்னார். "அறுபது வருஷமா நான் ஒரு கேள்வின்னு தெரியாம இருந்துட்டேனே" என்று மதுரைக்காரர் மொழிபெயர்த்தார். அன்றிலிருந்து நம் வாயில் இன்னா வந்தால், "வந்தேன்" என்று தன் மொழியில் சொல்லி வேண்டுமென்றே எட்டிப் பார்ப்பார்.

ஆனால் ஊரிலிருந்து ஒரு கடிதம் வரவில்லை. மலையில் உன் அம்மா தனி. மறியல் என்ன ஆயிற்று, பஸ் மேலே ஏறுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலையில் நீ பெட்டியைக் கட்டினாய்.

"நான் போறேன்டா."

"டிக்கெட்டு?"

"பாத்துக்கலாம். மல எறங்கத் தெரிஞ்சவனுக்கு வழி தெரியும், வுடு."

என் துணியும் அந்தப் பெட்டிக்குள் இருப்பதை நீ கவனிக்கவில்லை. சொல்லும் தைரியம் எனக்கில்லை. பேசாமல் இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

சாவியை மேசைமேல் வைத்தாய். அவர் ஏதோ கேட்டார். உன் இருபது சொல்லும் அன்று உதவவில்லை. "இன்னா..." என்றாய். கேள்வியா, பெயரா? எனக்கு இன்றும் தெரியாது.

அவர் போகாதே என்று சொல்லவில்லை. மேசையைச் சுற்றிவந்து, உன் தோளைப் பிடித்து அந்தப் பெட்டிமேலேயே உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பயணம் கிளம்பும் முன் போகிறவரும் அனுப்புகிறவரும் சற்று நேரம் சேர்ந்து பேசாமல் உட்காருவது அவர்கள் வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது.

அப்போதுதான் கதவுக் கண்ணாடிக்கு வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. நம் வாழ்க்கையின் முதல் பனி. யாரோ வானத்தில் உட்கார்ந்து சாமை மாவு சலிப்பதுபோல, சத்தமே இல்லாமல். மரம், தெரு, நிறுத்தியிருந்த லாரி எல்லாம் ஒரே வெள்ளை. உன் வாய் திறந்தே இருந்தது.

"இன்னாடா இது," என்றாய், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"வந்தேன்," என்றார் அவர், அதைவிட மெதுவாக.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்? எழுந்தபோது சாவி உன் கையில் இருந்தது. அவர் எப்போது வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து உன் அம்மாவின் கடிதம் வந்தது: நல்லா இருக்கேன், அங்க சோறு கிடைக்குதா?

அந்த நன்றிக்குத்தானே உன் மகளுக்கு இன்னா என்று பெயர் வைத்தாய். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார், "உம் பேரு இன்னா?" என்று கேட்க, "ஆமாங்க சார்" என்று அது சொல்ல, வெளியே நிற்க வைத்துவிட்டார். நீ வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

இனி சேதி. அவளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. நீ கண்ணை மூடிய பிறகு, "நான் போவல மாமா. அம்மா தனியா இருக்கும்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். தங்கச்சி, உன் மனைவி, மகளின் துணியை மட்டும் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்ப வேண்டிய காலையில் ஜீப் வந்தும் மகள் வாசலைத் தாண்டவில்லை.

எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. உன் பழைய டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு, "செத்த உக்காரும்மா" என்றேன். தங்கச்சியும் உட்கார்ந்தாள். நானும் முட்டி முனக உட்கார்ந்தேன். ஜீப்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா, எதனா பூசையாங்க?" உன் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவரையும் உட்கார வைத்தேன். உட்கார வைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இதே பெட்டியில் உட்கார்ந்த நீ போகாமல் இருந்துவிட்டாயே.

ஆனால் அவள் எழுந்தாள், மச்சான். "போயிட்டு வரேம்மா" என்றாள். பழக்கத்தில் நான் அவள் பெட்டிக்குக் கை நீட்டினேன். "சக்கரம் இருக்கு மாமா" என்று உருட்டிக்கொண்டு போய்விட்டாள். என் கை சும்மா நீண்டபடி இருந்தது.

நேற்று அங்கே முதல் பனி. போன் வந்தது. எடுத்ததும் உன் குரலிலேயே, "இன்னா மாமா இது."

"வந்தேன்," என்றேன்.

அவள் எத்தனை தடவை கேட்டாலும், எந்த நேரத்தில் கேட்டாலும், நான் இருக்கிறவரை அந்தப் பதில் இங்கிருந்து போகும். நீ நிம்மதியாக உட்கார்ந்திரு.

உன் பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்து வந்த மச்சான்,
துரைக்கண்ணு