ஊஞ்சம்பாளையத்துக்கு வந்த தாய்வீட்டுச் சீர்

எனக்குத் தாலி கட்டிய என் மாமாவுக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியாததா?

நம் கல்யாணத்தன்று என் தாய்மாமன் சீர்த்தட்டோடு பஸ் ஏறி, காரமடைப் பக்கம் இருக்கும் நம் ஊஞ்சம்பாளையத்துக்கு வராமல், சூலூருக்குக் கிழக்கே இருக்கும் இன்னொரு ஊஞ்சம்பாளையத்தில் போய் இறங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே சோறு போட்டு, "நம்ம புள்ளை ஊருக்குங்களா போகோணும்?" என்று வழி சொல்லி அனுப்பினார்களாம். முகூர்த்தம் முடிந்து வந்தவரை எல்லோரும் திட்டினார்கள். நீங்கள் மட்டும் கழுத்து மாலையோடு ஓடி, "புள்ளை ஊருன்னாங்களா?" என்று கேட்டீர்கள்.

அன்று பிடித்த பிடி. பஞ்சத்தில் அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் நம் ஊரை உண்டாக்கிப் பழைய பேரையே வைத்தார்கள் என்று கடைசிவரை சொன்னீர்கள். "பேரு ஊஞ்சம்பாளையம். ஊருக்குள்ள ஒரு ஊஞ்ச மரம் இருக்குதுங்களா?" என்பீர்கள். நாமே மூத்த ஊர் என்று மார்தட்டுகிறவர்களுக்குப் பொறுக்குமா? "ஏனுங்க, இருந்த ஊரைக் கொண்டுபோயி இன்னொருத்தருக்குப் புள்ளையாக்கிப் போட்டீங்களே!" என்று கோயில் தர்மகர்த்தா டீக்கடையில் வைத்துக் கேலி செய்தார். தலை குனிந்து வீட்டுக்கு வந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய நாலாம் மாதம் திருப்பணிக்காக அம்மன் பீடத்தைப் பெயர்த்தார்கள். அடியில் ஒரு சட்டி. உள்ளே கரிசல் மண். நம் ஊரில் எங்கே தோண்டினாலும் செம்மண்தானே! இடம்பெயர்கிறவர்கள் பழைய கோயிலில் பிடிமண் எடுத்துவந்து புதுக் கோயில் பீடத்தடியில் வைப்பார்கள் என்பீர்களே, அதேதான்.

"பழைய சட்டி, கொட்டிப் போடுங்க" என்றார் தர்மகர்த்தா. நான் குறுக்கே போய் நின்றேன்.

"கொட்டாதீங்க. அது எங்கூட்டுக்காரரு பேச்சுங்க."

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாளே அந்த ஊருக்குப் போனேன். அவர்கள் கோயில் வாசல் மண்ணோடு சேர்த்து வைத்தால், எது எந்த ஊர் மண் என்று பிரிக்க முடியவில்லை. அங்கிருந்த பெரியவர், "வா அம்மணி, தாய் ஊட்டுக்கு வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்று சிரித்தார்.

போன வாரம் கும்பாபிஷேகம். இரண்டு பஸ் நிறைய ஆட்கள், கொட்டுமேளத்தோடு நம் ஊருக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுவந்தார்கள். தாலி இறங்கியவள் என்று ஒதுங்கி நின்ற என்னைத் தேடிப் பிடித்து, முதல் தட்டை என் கையில் கொடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

தர்மகர்த்தா பக்கத்தில் வந்து, "உங்கூட்டுக்காரரு கெட்டிக்காரருங்க அம்மணி" என்றார்.

"அவரு இருக்கையில சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பாருங்க" என்றேன்.

தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு ஊஞ்சங்கன்றும் இருந்தது. கோயில் வாசலில் நட்டிருக்கிறோம். தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊஞ்ச மரம் இருக்கிறதா என்று கேட்டீர்களே மாமா, அதை நிழல் தரும் மரமாக்கிவிட்டுத்தான் உங்களிடம் வருவேன். அதுவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டு ஊஞ்சம்பாளையத்துக்கும் மகளாகிவிட்ட,
உங்கள் சம்சாரம் ராமாத்தாள்