பச்சை மிளகாய் கடித்த படம்

புதிதாக அச்சடித்த ஃப்ளெக்ஸில் ஒரு நெடி அடிக்கும். பெயிண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பெரம்பலூரில் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து அது என் மூக்கிலேயே குடியிருப்பதால் இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதே இல்லை. இன்று காலை தெரிந்தது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கான ஃப்ளெக்ஸ் வந்து, காய்வதற்காகக் கடைத் தரையில் விரித்துக் கிடக்கிறது. தரை முழுக்க உன் முகம். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் நாற்காலியிலேயே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ முதன்முதலில் என்னிடம் வந்தது உன் தையல் கடைக்குப் போர்டு கேட்டு. பாடாலூரில் ரோட்டோரம் ஒரு சின்ன ஷட்டர் கடை. காலையில் ரஞ்சன்குடிப் பக்கம் இருந்த மாற்றுத்திறனாளிகள் டிரஸ்டில் தையல் வகுப்பு எடுப்பாய், மத்தியானத்துக்கு மேல் கடை. அந்த டிரஸ்டுக்கு நான் இலவசமாக வெப்சைட் செய்துகொண்டிருந்த சமயம். அரிசி ஆலைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் செய்வது பிழைப்பு, டிரஸ்டுகளுக்குச் செய்வது சேவை என்று அப்போது எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு என் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாய். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"என் படம் வேணாம்க்கா. ஒரு பட்டு ஜாக்கெட் படம் போட்டாப் போதும். கட்டையப் பாத்துட்டு ஆளுங்க வர வேணாம், தையலப் பாத்துட்டு வரட்டும்."

"பேச்செல்லாம் பெருசாத்தான் இருக்கு" என்றேன். நீ சிரித்தாய். அந்தப் போர்டு என் கையில் வந்த நல்ல வேலைகளில் ஒன்று. மெரூன் பின்னணியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட், வேறொன்றும் இல்லை. கூகுள் மேப்பிலும் உன் கடையை ஏற்றி, நீ போட்ட கைவேலைப்பாடுகளைப் படம் எடுத்துச் சேர்த்தேன். அரியலூரிலிருந்துகூட கல்யாணப் பட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகூர்த்த மாதங்களில் உன்னைப் போனில் பிடிக்க முடியாது.

பிறகு டிரஸ்டுக்குப் படம் எடுக்க வந்தேன். நாற்பது படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் நீங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. மத்தியானம் நீ வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சு சுவாரஸ்யத்தில் பச்சை மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டாய். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கட்டை சரிந்து கீழே கிடக்கிறது, நீ வாயைத் திறந்தபடி தண்ணீர்ச் சொம்பைத் தேடி அண்ணாந்து பார்க்கிறாய். சொம்பை எடுத்துக் கொடுக்காமல் கேமராவை எடுத்தேன்.

அந்தப் படத்தின் நிறத்தை உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். தட்டை வெட்டி எறிந்தேன். கட்டையை விட்டு வைத்தேன். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: "இவளுக்கு யாருமில்லை. நீங்கள் இருக்கிறீர்களா?" டிரஸ்டை நடத்திய சார் பார்த்துவிட்டு, "மத்த படத்துல எல்லாம் சிரிக்குதுங்கம்மா. சிரிக்கிறவங்களுக்கு யாரு குடுப்பா? இதையே மொதப் பக்கத்துல போட்டுடுங்க" என்றார். பழியை அவர் தலையில் போட இத்தனை நாள் இந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே அதை முதல் பக்கத்தில் போட்டு வைத்திருந்தது நான்தான்.

இந்தத் தொழிலில் அழுகிற படம்தான் ஓடும், ஓடியது. வாட்ஸப்பில் குழு குழுவாகப் போய், சுற்றி வந்து பாடாலூருக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த முகூர்த்த மாதத்தில் உன் கடைக்குப் பெண்கள் வந்தார்கள். பட்டுத் துணி கொண்டு வரவில்லை. பழைய புடவை கொண்டு வந்தார்கள். ஒருத்தி அரிசி கொண்டு வந்தாள். ஒருத்தி உன் மெஷின் மேல் வாழைப்பழச் சீப்பை வைத்து, கன்னத்தைத் தடவிவிட்டு, தன் மகள் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்க வேறு கடைக்குப் போனாள். பாவப்பட்டவள் கையில் மங்கல காரியத்துக்கான துணியைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தே உன் கடையை மூட வைத்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி நீ என்னிடம் வந்தாய். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு அன்றைக்கும் நின்றுகொண்டேதான் பேசினாய். கடை மூடப்போவதைச் சொன்னாய். "எங்கம்மா அந்தப் படத்தப் பாத்துட்டு, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்னு கேட்டுச்சுக்கா" என்றாய். எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. என் வேலையைக் குறை சொல்லிவிட்டாளே என்று கோபம்தான் வந்தது. உன் ஒருத்திக்காக எடுத்தால் டிரஸ்டில் இருக்கிற மற்றவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒனக்குக் கால் இல்லன்னு நானா கண்டுபுடிச்சேன்? ஊருக்கே தெரிஞ்சதுதான?"

நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கால் இல்லங்கறது எனக்குத் தெரியும்க்கா. ஆள் இல்லன்னு நீங்கதான் எழுதுனீங்க" என்றாய். பிறகு, "போயிட்டு வரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாய். ஒவ்வொரு படியிலும் கட்டைச் சத்தம் கேட்டது. மொத்தம் பதினெட்டுப் படி என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

உன்னை அரியலூருக்குத் தம்பி அழைத்துப் போய்விட்டதாகவும், ஒரு ரெடிமேட் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். வந்து பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தப் படத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்தேன். உனக்காக இல்லை. பழசாகிவிட்டது, வேறு படம் வேண்டும் என்று சார் கேட்டார், எடுத்தேன். அதற்குள் அது யார் யார் கைக்கோ போய்விட்டது. முகம் தெரியாத எவனோ ஒருவன் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று எழுதிப் பகிர்ந்ததைக்கூடப் பார்த்தேன். மேலே தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

போன வாரம் உன் தம்பி வந்தான். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றான், பத்தே நாளில் முடிந்துவிட்டது என்றான். போனை நீட்டினான். அதே படம், கீழே அதே எழுத்து.

"வூட்ல வேற போட்டோவே இல்லக்கா. கொஞ்ச வருஷமா யார் போன எடுத்தாலும் மொகத்தத் திருப்பிக்கும். எவனோ நெட்ல போட்ட கருமம் இது, இதுதான் கெடச்சுது. எழுத்த எடுத்துட்டு, கலர் குடுத்து, சிரிக்கிற மாதிரி பண்ணித் தர முடியுமா? அம்மா கேக்குது."

எவனோ. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது யார் எழுதியது என்று நீ வீட்டில் சொல்லவே இல்லை.

நீ சிரித்த அந்த நாற்பது படங்களையும் தேடினேன். இல்லை. ஒரு படம் முடிவானதும் மிச்சத்தை அழித்துவிடுவது என் வழக்கம், கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே. அதனால் இந்த ஒன்றிலிருந்துதான் செய்தேன். கண்ணீரைத் துடைத்தேன், உதட்டின் ஓரங்களைத் தூக்கினேன், கட்டையை அழித்தேன். நீ அன்றைக்குக் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று நினைவில்லை. மயில் கழுத்து நிறம் போட்டேன். உன் தம்பி ரொம்ப நேரம் பார்த்தான். "இது எங்கக்கா சிரிப்பு இல்ல. பரவால்ல, இருக்கட்டும்" என்றான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்தான். காரிய ஃப்ளெக்ஸில் அடியில் "இப்படிக்கு" என்று போட்டுச் சொந்தபந்தத்தின் பெயர்களையெல்லாம் வரிசையாகப் போடுவோம் இல்லையா, அந்தப் பட்டியல். அம்மா, தம்பிகள், தம்பி மனைவிகள், சித்தப்பா வீடு, மாமா வீடு, பிள்ளைகள், ரெடிமேட் கடையில் கூட வேலை பார்த்தவர்கள், டிரஸ்டில் உன்னிடம் தையல் கற்றவர்கள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் எழுதியிருந்தான். ஒரு பெயர் விட்டாலும் சண்டை வரும் என்றான். யாருமில்லாதவளின் ஃப்ளெக்ஸில் பெயர்களுக்கு இடம் போதாமல் எழுத்தை மூன்று முறை சிறிதாக்கினேன். ஒவ்வொரு பெயரையும் என் கையாலேயே டைப் செய்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவன் சொன்னான்: "கடைசியா ஒங்க பேரையும் போட்டுக்குங்கக்கா. எங்கக்கா ஒங்களப் பத்திச் சொல்லிருக்கு. டவுன்ல ஒரு அக்கா என் கடைக்கு அழகா போர்டு போட்டுக் குடுத்தாங்கன்னு, சாவுற வரைக்கும் சொல்லிட்டிருந்துச்சு."

"இடமில்ல தம்பி" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாததா" என்று நம்பிவிட்டுப் போனான்.

இடம் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் வெள்ளை இதோ என் காலடியில் கிடக்கிறது. என்னைப் பற்றி நீ வீட்டில் சொன்ன அந்த நல்ல வார்த்தையைத் திருப்பித் தர உன்னிடம் வர முடியாது. உன் தம்பியிடம் உண்மையைச் சொல்லி இறக்கி வைக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அது என்னிடமே இருக்கிறது. ஃப்ளெக்ஸ் காய்ந்துவிட்டது. உன் தம்பி படியேறி வருகிற சத்தம் கேட்கிறது, நான் எழுந்து உன்னைச் சுருட்ட வேண்டும்.