பதினொரு படிவங்களில் ஒரே பெயர்

யூலை 8, திங்கள்

சோளகக் காற்று. மேசையெல்லாம் தூசி, படிவங்கள் பறக்காமல் மேலே ஒரு கல். முதியோர் மருத்துவக் காப்புறுதிப் பதிவு. நான் இந்தப் பிரிவுக்கு வந்த புதிதில் ஓய்வுபெற்ற வாத்திமார், கிளாக்கர்மார்தான்; கணவரின் படிவத்தோடு மனைவியினுடையதும் சேர்த்துக் குத்தியிருக்கும். இப்போது தனியாக வருகிறார்கள். அநேகம் பெண்கள். பிள்ளைகள் கனடா, பாரிஸ். அல்லது பிள்ளைகளே இல்லை. யுத்தத்தில் இங்கிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் அம்மாக்களும்.

மேலிடத்திலிருந்து பதினொரு படிவங்கள் திரும்பியிருக்கின்றன. ‘அவசரத்துக்கு வரக்கூடியவர்’ என்ற இடத்தில் பதினொன்றிலும் ஒரே பெயர்: செல்வன். தொடர்பு: ஓட்டோக்காரர். ‘மோசடியா?’ என்று சிவப்பு மையில். எங்கள் பிரிவுத் தலைவர் சேர் உறுதிப்படுத்தி ஒப்பமிட்டால்தான் காப்புறுதி அட்டை.

எழுதியது நான். அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்.

யூலை 9

சேர்: “பெறாமகன் எண்டு மாத்திவிடுமன். ஆர் பாக்கப்போயினம்?”

“பதினொரு பேருக்கும் சகோதரத்தின்ரை பிள்ளையோ, சேர்?”

மாட்டேன் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

பதினொருவரில் ஒருவரான பூமணியக்காவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஒப்பரேசன். அட்டை இல்லாவிட்டால் லென்ஸ் இல்லை. கொக்குவிலில் தனியே இருக்கிறார். கல்யாணம் செய்யவில்லை, தமையனின் மகனை வளர்த்துக் கனடா அனுப்பியவர். அவன் பெயரைப் போடுவோமா என்று கேட்டேன்.

“அவன் நல்ல பிள்ளைதான். நான் கிணத்தடியிலை விழுந்தா போனிலையோ தூக்குவான்?”

வாங்க வேண்டியவை: பனடோல், சவர்க்காரம்.

யூலை 10

செல்வன் வந்தார். கோபம். “மிஸ், நான் என்ன கள்ளனோ? பதினொரு பேருக்குப் பிள்ளையாம் எண்டு மனிசி சிரிக்கிறா. கலியாணவீட்டுக்கு ஒருத்தரும் கூப்பிடினமில்லை, ஆசுப்பத்திரிக்கு மட்டும்!” பிறகு மெதுவாக, “நாளைக்கு எல்லாரையும் ஏத்திக்கொண்டு வரட்டோ?”

கொண்டு வாங்கோ என்றேன்.

யூலை 11

ஓட்டோ நாலு தடவை. பதினொரு பேரும் சேரின் அறையில். கதிரை போதவில்லை, என்னுடையது புத்தளத்து றஹீமா உம்மாவுக்கு.

சேர்: “ஏன் எல்லாரும் வந்தனீங்கள்?”

றஹீமா உம்மா: “மோசடி எண்டு எழுதி வந்ததாமே. வடிவாப் பாருங்கோ, நாங்கள்தான் உந்த மோசடி.”

எல்லாரும் சிரித்தார்கள், சேரைத் தவிர. படிவத்தில் ‘உறவினர்’ என்ற சொல்லே இல்லை என்று காட்டினேன். சேர் நெடுநேரம் வாசித்தார். நாளைக்கு ஒப்பரேசன் என்பதால் பூமணியக்காவின் அட்டைக்கு மட்டும் ஒப்பம். மற்றவை பிறகு பார்க்கலாமாம்.

பூமணியக்கா அட்டையைக் கைப்பையில் வைத்தார். எழும்பவில்லை. “மற்ற ஆக்களுக்கும் போடுங்கோ தம்பி, நான் இருக்கிறன்.”

நாலரைக்குக் காவலாளி கேற்றைப் பூட்ட வந்தார். ஒருவரும் அசையவில்லை. நானும்.