தம்பி கேட்காத மாத்திரை

புதூர்,
4.8.2003

மகள் முத்துசெல்விக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் அப்பாவுக்கு நீ மதுரையில் வாங்கி வந்த வலி மாத்திரையை நான் கொடுக்கவில்லை. பதினெட்டு நாளாக என் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அட்டையில் மார்ஃபின் என்றிருந்தது. நூலகத்தில் அகராதி எடுத்துப் பார்த்தேன். அபினிலிருந்து எடுப்பது என்று போட்டிருந்தது. பீடிகூடத் தொடாத என் தம்பியைக் கடைசிக் காலத்தில் போதைக்கு விடுவதா? வலி தாங்காமல் அவனாகக் கேட்டால் ஒன்று கொடுக்கலாம் என்றிருந்தேன். யோகராஜ் கேட்கவில்லை. வலி இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று உன் அம்மா அவன் தலையணையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "கடிச்சே கிழிச்சிருக்காவ. நீங்க வந்தா மட்டும் சிரிச்சுக்கிட்டுக் கெடக்காவ அத்தான்" என்றாள்.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறினாய். இன்ன மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன செய்ய, எழுது.

இசக்கிபாண்டி

திருப்பூர்,
8.8.2003

பெரியப்பா,

சொல்லாமல் பஸ் ஏறியது என் தப்பு. மற்றது உங்களுடையது.

அபினிலிருந்து வருவதுதான். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அது மருந்து. வலி ஏறிய பிறகு அல்ல, ஏறுமுன்பே, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கேட்டால் எடுத்துக் கொடுக்க அது பலகாரம் இல்லை. அப்பா உங்களிடம் எதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்?

சாவியை அம்மாவிடம் கொடுங்கள். பூட்டி வைத்ததை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

முத்துசெல்வி

புதூர்,
14.8.2003

மகளுக்கு,

மாத்திரை ஆரம்பித்து மூன்றாம் நாள். தம்பி கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பூட்டியதைச் சொன்னேன். சொன்னதோடு விடாமல், "வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்னல?" என்றும் கேட்டுவிட்டேன்.

"பெட்டியில இருக்குன்னு தெரியும். அண்ணன் பூட்டி வச்சா அதுல ஏதோ நல்லது இருக்கும்னுல்லா இருந்தேன்" என்றான்.



இனி நடக்க வேண்டியது. மாத்திரையை உன் அம்மா பூங்கொடி கொடுக்க வேண்டும். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. நான் வாசலில் நின்று நேரம் சொல்ல வேண்டும், மாத்திரையைத் தொடக் கூடாது. மலம் இளக டாக்டர் எழுதிய மருந்தைப் பக்கத்து வீட்டுக் காமராஜ் கோவில்பட்டியில் வாங்கி வர வேண்டும். பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே நீ மதுரைக்குப் போக வேண்டும். நீ வருகிற அன்று நான் வீட்டில் இருக்கக் கூடாது என்றால் எழுது, ஆடு மேய்க்கக் காட்டுக்குப் போய்விடுகிறேன். அவனாகக் கேட்கட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. முதலில் நான்.

இசக்கிபாண்டி